9,000 கிலோமீட்டரில் எரிந்த கிளட்ச்: கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியது

எங்களிடம் வந்த வண்டி 1.8 லிட்டர் பெட்ரோல் செடான். டர்போ பிற்பாடு பொருத்தியது. ஃப்ளைவீலில் (எஞ்சின் முனையில் சுற்றும் கனமான சக்கரம்) கணக்கிட்டால் டார்க், அதாவது சுழற்றும் திறன், சுமார் 310 நியூட்டன் மீட்டர். முன்சக்கர இழுவை, ஐந்து கியர், சாதாரண ஒற்றை ஃப்ளைவீல். கிளட்ச் ஹைட்ராலிக்: பெடல் மாஸ்டர் சிலிண்டரை அழுத்த, அங்கிருந்து ஆயில் லைன் வழியாகப் போய் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். ஸ்லேவ் பெல் ஹவுசிங்குக்கு (கிளட்சை மூடியிருக்கும் கூடு) வெளியே, உள்ளே ஃபோர்க்கும் அது தள்ளும் ரிலீஸ் பேரிங்கும். டர்போ ஏறியபோதே கிளட்சையும் மாற்றியிருக்கிறார்கள்: ஆர்கானிக் லைனிங் (உராயும் பூச்சு) உள்ள 228 மி.மீ. பிளேட், அதை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்தி 7,800 நியூட்டன் பிடி தரும் கடினமான பிரஷர் பிளேட். அந்தக் கிளட்ச்தான் 9,000 கி.மீ.யில் ஸ்லிப் ஆக, அதாவது வழுக்க, தொடங்கியது. ஒழுங்காக ஓட்டினால் இதைப்போல ஐந்தாறு மடங்கு தூரம் போக வேண்டிய சாமான்.

ஓட்டம் பெரும்பாலும் பாளையங்கோட்டைக்கும் வள்ளியூருக்கும் நடுவே நாற்கரச் சாலையில். விடுமுறையில் செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு. புளியரை எஸ் வளைவில் ஜல்லியும் எம்.சாண்டும் ஏற்றிய லாரிகளின் பின்னால் ஊர்ந்து ஏறுவது எந்தக் கிளட்சுக்கும் சோதனைதான். அதனால் வண்டியைப் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது இரண்டே காரணம்: ஒன்று, டர்போவின் டார்க்கை இந்தப் பிளேட் தாங்காது, செராமிக் பக் (கடினமான உராய்வுத் துண்டுகள் பதித்த பிளேட்) வகை போட வேண்டும், இரண்டு, ஓட்டுபவர் பெடலைப் பாதி மிதித்தபடி ஆஃப் கிளட்சில் ஓட்டுகிறார்.

உரிமையாளர் சொன்ன குறை இது: "அண்ணாச்சி, எஞ்சின் உறுமுது, வண்டி போக மாட்டுக்கு. காலையில எடுக்கும்போது நல்லாத்தான் இருக்கு. ஒரு மணி நேரம் ஓடுனா இந்தப் பாடு."

இதில் கடைசி இரண்டு வரிதான் விஷயம். தேய்ந்து தீர்ந்த பிளேட் காலையிலும் ஸ்லிப் ஆகும். சூட்டில் கொஞ்சம் கூடும், அவ்வளவே. காலையில் முழுப் பிடியோடு இருந்து, சூடேறியதும் கைவிட்டு, ஆறினால் மறுபடி பிடிக்கிறது என்றால் சூட்டோடு சேர்ந்து வேறு ஏதோ ஒன்று பிரஷர் பிளேட்டைத் தள்ளிக்கொண்டு இருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது

"டார்க் தாங்காது" என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். ஒரு கிளட்ச் தாங்கும் டார்க் நான்கு எண்களின் பெருக்கல்: உராய்வுக் கெழு, பிரஷர் பிளேட்டின் பிடி, லைனிங்கின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. இந்தப் பிளேட்டின் வெளிவிட்டம் 228, உள்விட்டம் 150 மி.மீ.; சராசரி ஆரம் 94.5 மி.மீ. ஆர்கானிக் லைனிங்குக்குக் கெழு 0.28 என்று வைத்தால், 0.28 × 7,800 × 0.0945 × 2 = சுமார் 413 நியூட்டன் மீட்டர். எஞ்சின் தருவது 310. மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கிறது. லைனிங் நன்றாகச் சூடாகிக் கெழு 0.22க்கு இறங்கினாலும் 324 வருகிறது. இழுபறிதான், ஆனாலும் பிடிக்கும்.

பிரஷர் பிளேட்டை அழுத்துவது டயாஃப்ரம் என்னும் தட்டு ஸ்பிரிங்; அதன் விரல் போன்ற நுனிகள்தான் ஃபிங்கர்கள், ரிலீஸ் பேரிங் அவற்றைத் தள்ளினால் பிடி விடும். இப்போது ரிலீஸ் பேரிங் ஃபிங்கர்களின் மேல் வெறும் 500 நியூட்டன் அழுத்தத்தோடு சாய்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். டயாஃப்ரமின் நெம்புகோல் விகிதம் 3.5 என்றால் பிடியில் 1,750 நியூட்டன் போய்விடும். மிச்சம் 6,050. ஆறிய நிலையில் 320 தாங்கும், அதனால் காலையில் ஒன்றும் தெரியாது. சூட்டில் 252 மட்டுமே. 310 கொடுக்கும் எஞ்சினுக்கு 252 தாங்கும் கிளட்ச் கட்டாயம் வழுக்கும். உரிமையாளர் சொன்ன குறையும் இந்தக் கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. செராமிக் பக் போட்டிருந்தால் கெழு கூடி, குறை சில மாதம் மறைந்திருக்கும்; ஃப்ளைவீலைத் தின்றுகொண்டே.

இறக்காமல் செய்த சோதனைகள்

முதலில் ஓட்டிப் பார்த்தல். ஓ.பி.டி. சொருகியில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் இணைப்பு) ஆர்.பி.எம்.மையும் வேகத்தையும் பதிவுசெய்துகொண்டு நான்காவது கியரில் 2,000 ஆர்.பி.எம்.மிலிருந்து முழு ஆக்சிலேட்டர். கண்ணால் மீட்டரைப் பார்த்து முடிவு சொல்வதைவிட விகிதம் எடுப்பது நம்பகமானது. எஞ்சினும் சக்கரமும் ஒன்றாகச் சுற்றினால் ஆர்.பி.எம்.மை வேகத்தால் வகுத்த எண் ஒரே கியரில் மாறவே கூடாது. காலையில் 3,000 ஆர்.பி.எம்.முக்கு 93 கி.மீ. வேகம், அதாவது 32.3. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அதே இடத்தில் 3,600க்கு 94 கி.மீ., அதாவது 38.3. சுமார் 16 விழுக்காடு வழுக்கல். இந்தச் சோதனையை இரண்டு மூன்று தடவைக்கு மேல் செய்யக் கூடாது. ஒவ்வொரு தடவையும் லைனிங்கைத்தான் எரிக்கிறோம்.

அடுத்து பெடல். கையால் மெதுவாக அழுத்தினால் முதல் சில மி.மீ. எந்த எதிர்ப்பும் இல்லாமல் இறங்க வேண்டும். அது மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும், பெடலிலிருந்து அதைத் தள்ளும் புஷ் ராடுக்கும் இடையில் உள்ள இடைவெளி. இந்த வண்டியில் அது சுத்தமாக இல்லை. விரல் வைத்தவுடனே இறுக்கம். டார்ச் அடித்துப் பெடலுக்கு மேலே பார்த்தால், புஷ் ராடின் லாக் நட்டுக்கு அடுத்து புதிதாக மினுங்கும் திரெட் சுமார் 3 மி.மீ. வெளியே தெரிந்தது. அதற்கு அப்பால் பழைய திரெட்டில் தூசியும் கிரீஸும் படிந்திருந்தன. யாரோ ராடை நீட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கிளட்ச் ரிசர்வாயர் மூடியைத் திறந்து வைத்து, ஸ்லேவ் சிலிண்டரின் ராடைக் கட்டைவிரலால் உள்ளே தள்ள வேண்டும். பெடல் மேலே இருக்கும்போது ஆயில் தடையில்லாமல் பின்னோக்கிப் போய் ரிசர்வாயரில் மட்டம் ஏற வேண்டும். இங்கே ராடு கல் மாதிரி நின்றது. மட்டம் அசையவே இல்லை.

நான்காவது, சூட்டில் ஸ்லேவின் ப்ளீட் நிப்பிளை (ஏர் எடுக்கும் சிறு திருகு) திறப்பது. வண்டி வழுக்கத் தொடங்கியதும் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நிப்பிளில் டியூப் மாட்டி பாட்டிலுக்குள் விட்டு, பெடலைத் தொடாமலே கால் திருப்பு திறக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் அவசியம். கிளட்ச் லைனில் இருப்பதும் பிரேக் ஆயில்தான், அது பெயிண்டையும் தின்னும். குற்றம் இல்லாத வண்டியில் ஓரிரு சொட்டு வடியும். இதில் டியூபுக்குள் பீய்ச்சிக்கொண்டு வந்தது. நிப்பிளை மூடிவிட்டு உடனே அதே நான்காவது கியர் சோதனை: விகிதம் 32.4. சூடு அப்படியே இருக்க, வழுக்கல் மட்டும் போய்விட்டது. பிளேட் தீர்ந்துபோன வண்டியில் இது நடக்கவே நடக்காது.

ஏன் இப்படி ஆகிறது

மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் முழுவதும் பின்னால் வந்து நிற்கும்போது ஒரு சிறு துளை திறக்கும். ரிசர்வாயருக்கும் லைனுக்கும் உள்ள ஒரே வழி அதுதான். சூட்டில் விரியும் ஆயில் அதன் வழியாகத்தான் மேலே போகும். புஷ் ராடு நீளமாகிவிட்டால் பிஸ்டன் பின்னால் முழுசாக வராது, சீல் அந்தத் துளையைத் தாண்டி நின்றுகொள்ளும். ராடின் நீளம் நேராகக் கிளட்சை விடுவிப்பதில்லை. துளையை மூடுவதுதான் கேடு. டர்போவின் சூடு லைனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அக்னி நட்சத்திர வெயிலில், நாங்குநேரிப் பக்கம் தார் கொதிக்கும் நேரத்தில், பூட்டிக் கிடக்கும் ஆயில் விரிந்து ஸ்லேவைத் தள்ளும். மேலே சொன்ன 500 நியூட்டனுக்கு லைனில் சுமார் 12 பார் போதும். பெடலை முழுசாக மிதித்துக் கிளட்சை விடுவிக்க வேண்டிய அழுத்தத்தில் அது கால் பங்குகூட இல்லை. ஓட்டுபவரின் காலுக்குத் தெரியவே தெரியாது.

இதைவிட மோசமான இன்னொன்றும் சேர்ந்து நடக்கிறது. பிளேட் தேயத் தேய டயாஃப்ரமின் ஃபிங்கர்கள் கியர் பாக்ஸ் பக்கமாக எழும்பி வந்து பேரிங்கைப் பின்னால் தள்ளும். ஹைட்ராலிக் கிளட்சில் அந்த அளவுக்கு ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்பிவிடும், அதனால்தான் அதற்கு இடையிடையே அட்ஜஸ்ட்மென்ட் தேவையில்லை. துளை மூடியிருந்தால் ஆயில் திரும்ப வழியில்லை. ஒவ்வொரு நூறில் ஒரு பங்கு மி.மீ. தேய்மானமும் பிடியைக் குறைக்கும். பிடி குறைந்தால் வழுக்கும். வழுக்கினால் இன்னும் தேயும். முதல் 6,000 கி.மீ. ஒன்றும் தெரியாமல் ஓடிவிட்டு, பிறகு மளமளவென்று போனதற்குக் காரணம் இந்தச் சுழல்தான்.

ராடை ஏன் நீட்டினார்கள் என்பதையும் கண்டுபிடித்தால்தான் வேலை முடியும். கடினமான பிரஷர் பிளேட் போட்ட பிறகு ரிவர்ஸ் கியர் கறகறவென்று விழுந்திருக்கிறது, அதாவது கிளட்ச் முழுசாக விடவில்லை. பெடலில் இன்னும் கொஞ்சம் ஓட்டம் கிடைக்கட்டும் என்று ராடை நீட்டியிருக்கிறார்கள். குறை தற்காலிகமாகத் தீர்ந்திருக்கும். ஆனால் கிளட்ச் விடாததற்குக் காரணம் வேறு: வண்டியோடு வந்த பழைய ரப்பர் ஹோஸ். பெடலை ஒருவர் மிதிக்க, இன்னொருவர் ஹோஸைக் கையில் பிடித்துப் பார்த்தால் அது உப்புவது விரலில் தெரிகிறது. கம்பெனிக் கிளட்சின் லேசான அழுத்தத்துக்கு அது போதும். இந்தக் கிளட்சின் அழுத்தத்தில் பெடல் ஓட்டத்தின் ஒரு பகுதி ஹோஸை ஊதுவதிலேயே செலவாகிறது. மாற்ற வேண்டியது ஹோஸை. நீட்டியது ராடை. கடினமான பிரஷர் பிளேட் போடும் யாரும் ஹோஸையும் மாஸ்டர், ஸ்லேவ் சீல்களையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும் என்பதே எங்கள் திடமான கருத்து.

திறந்து பார்த்தது

காரணம் தெரிந்துவிட்டாலும் வழுக்கிய கிளட்சை அப்படியே விட முடியாது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, ஆக்சில்களை எடுத்து, எஞ்சினைக் குறுக்குக் கம்பியில் தொங்கவிட்டுக் கியர் பாக்ஸை இறக்கினோம். கவனிக்க வேண்டியது ஒன்று: பெல் ஹவுசிங் போல்ட்டுகள் கழன்ற பிறகு கியர் பாக்ஸின் பாரம் ஒரு நொடிகூட இன்புட் ஷாஃப்டில் (கிளட்ச் பிளேட்டின் நடுவே நுழையும் கியர் பாக்ஸ் தண்டு) தொங்கக் கூடாது. தொங்கினால் பிளேட்டின் ஹப் வளையும். பழைய பிளேட் போனால் போகட்டும், மாட்டும்போது புதுப் பிளேட்டுக்கும் இதே கதிதான். ஜாக்கியை நேர்மட்டத்தில் வைத்து, இரண்டு பேர் பிடித்து, ஷாஃப்ட் பிளேட்டின் ஸ்ப்ளைனை (ஷாஃப்ட் கோக்கும் பல்வரி) விட்டு வரும்வரை நேராக இழுக்க வேண்டும்.

உள்ளே இருந்தவை. பிளேட்டின் லைனிங் இரண்டு முகத்திலும் கறுத்து, மெருகேறிக் கண்ணாடி போல் பளபளத்தது; நகத்தால் கீறினால் தடம் விழவில்லை. ரிவெட் தலை வரையுள்ள ஆழம் ஃப்ளைவீல் பக்கம் 0.5 மி.மீ., பிரஷர் பிளேட் பக்கம் 0.6. புதிதில் 1.3, மாற்ற வேண்டிய எல்லை 0.3. ஆக லைனிங் தீரவில்லை, வெந்துபோயிருக்கிறது. இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகத் தேய்ந்திருப்பதும் ஒரு சாட்சி. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஹப் ஸ்ப்ளைனில் சிக்குகிறதா, கியர் பாக்ஸை நேராக உட்கார வைக்கும் டவல் பின் விடுபட்டு கியர் பாக்ஸ் கோணலாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்திருப்போம்.

ஃப்ளைவீலில் நீலமும் பழுப்புமாகச் சூட்டுத் திட்டுகள், அவற்றின் ஊடே மயிரிழை விரிசல்கள். பிரஷர் பிளேட் முகத்தில் ஸ்டீல் ரூலை வைத்து ஃபீலர் கேஜ் விட்டால் உள்விளிம்பில் 0.2 மி.மீ. போகிறது, சூட்டில் குழிந்துவிட்டது. மறுபடி பயன்படுத்த முடியாது.

ஃபிங்கர் நுனிகளில்தான் முழுக் கதையும் எழுதியிருந்தது. பேரிங் தொடும் வட்டத்தில் ஒவ்வொரு ஃபிங்கரிலும் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம், ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தது. இப்போதைய வண்டிகள் பலவற்றில் பேரிங் லேசாக ஃபிங்கரைத் தொட்டே சுற்றும். ஆகவே மினுங்கும் தடம் இருப்பது குற்றம் ஆகாது. பள்ளமும் நீலமும்தான் பாரத்தோடு சுற்றியதற்கு அடையாளம். ரிலீஸ் பேரிங்கைக் கையில் பிடித்துச் சுற்றினால் மணல் அரைபடுவது போன்ற சத்தம், கிரீஸ் உருகி வெளியேறியிருந்தது.

இல்லாதவற்றையும் குறிக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் பின் சீல், இன்புட் ஷாஃப்ட் சீல் இரண்டும் காய்ந்த சுத்தம்; எஞ்சின் ஆயில் கசிவோ, கந்தக வாடை வீசும் கியர் ஆயில் கசிவோ இல்லை. பிளேட்டின் நடுவில் அதிர்வைத் தாங்கும் டேம்பர் ஸ்பிரிங்குகள் இறுக்கம். நின்ற இடத்தில் ஆர்.பி.எம். ஏற்றி விடும் பழக்கம் இருந்தால் இவைதான் முதலில் ஆடும். பிரஷர் பிளேட்டின் ஸ்ட்ராப்புகள் நேராக இருந்தன. மேல் கியரிலிருந்து தவறிக் கீழ் கியரில் போட்டிருந்தால் இவை மடங்கியிருக்கும். ஓட்டுபவரின் மேல் பழி போட இங்கே ஒரு தடயமும் இல்லை. பெல் ஹவுசிங் அடியில் செம்மண் தூசி கொஞ்சம் படிந்திருந்தது. அடித் தகடு ஒரு போல்ட் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்ததால் வந்தது. திசையன்விளை, உவரிப் பக்கம் தேரி மணல் சாலையில் ஓடும் வண்டிகளில் இது லைனிங்கையே அரைக்கும் அளவுக்குச் சேரும். இதில் அந்த அளவு இல்லை.

திரும்பக் கட்டியது

ஃப்ளைவீலை லேத்தில் கடையக் கூடாது. நீலத் திட்டுகள் கடினப்பட்ட இடங்கள். லேத் டூல் அவற்றின் மேல் துள்ளிப் போய்விடும், சுற்றியுள்ள மென்மையான பகுதியை மட்டும் எடுக்கும். கடைசியில் மேடு மேடாக நின்று, பிளேட் பிடிக்கும்போது வண்டி அதிரும். சர்ஃபேஸ் கிரைண்டிங் மட்டுமே சரி. 0.3 மி.மீ. எடுத்ததில் விரிசல்கள் மறைந்தன. மறையாமல் இருந்திருந்தால் ஃப்ளைவீல் புதிதுதான். படி உள்ள ஃப்ளைவீல் என்றால், பிரஷர் பிளேட் உட்காரும் மேடையிலும் அதே 0.3 எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடி குறையும். டூயல் மாஸ் ஃப்ளைவீலில் (நடுவே ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃப்ளைவீல்) இந்த வேலையைச் செய்யவே கூடாது. புது போல்ட், திரெட் லாக் போட்டு வண்டியின் மேனுவல் சொல்லும் டார்க்கில் முறுக்கிய பிறகு டயல் கேஜில் முகத்தின் ஆட்டம் (ரன் அவுட்) 0.05 மி.மீ. 0.1 வரை ஏற்கலாம்.

பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் முன்பிருந்த அதே வகை, அதே அளவு. கணக்கு போதும் என்று சொல்லும்போது கூட்டிப் போட்டால் பெடல்தான் கனக்கும், ஃபோர்க்கும் கிராங்கின் த்ரஸ்ட் பேரிங்கும் வீணாகத் தேயும். புது ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங். புதுப் பிரஷர் பிளேட்டில் துரு வராமல் பூசியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தே மாட்ட வேண்டும். ஸ்ப்ளைனில் மாலிப்டினம் கிரீஸ் பூசி, பிளேட்டை ஒருமுறை நுழைத்து எடுத்து, வெளியே பிதுங்கியதை முழுசாகத் துடைக்க வேண்டும். மிஞ்சியது சுழற்சியில் லைனிங்குக்குத்தான் தெறிக்கும். சென்டரிங் டூல் வைத்து, எட்டு மி.மீ. போல்ட்டுகளை எதிரெதிராக அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கி, கடைசியில் 25 நியூட்டன் மீட்டர்.

ஹைட்ராலிக்கில்: ஸ்டீல் பின்னல் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் புதிது, ஸ்லேவுக்கு சீல் கிட். பழைய மாஸ்டரைப் பிரித்தபோது சீலின் உதட்டில், துளைக்கு நேராக, சிறு கடி தெரிந்தது. சீல் மட்டும் போட்டால் போதும் என்று விட்டிருந்தால் இது மறுபடி கசிந்திருக்கும். ஆயில் டாட் 4 தர பிரேக் ஆயில், லைனை முழுசாகக் கழுவி ஏர் எடுக்க 300 மி.லி. செலவானது. மினரல் ஆயில் ஒரு சொட்டு விழுந்தாலும் சீல் உப்பி, அதே துளையை அடைக்கும். ஊற்றும் குப்பியும் புனலும் சுத்தமாக இருக்க வேண்டும்.

புஷ் ராடுக்கு வருவோம். லாக் நட்டைத் தளர்த்தி, பெடலை ஸ்டாப்பரில் நிறுத்தி, ராடை ஆட்டினால் லொடலொடவென்று ஆடும்வரை உள்ளே திருப்பினோம். பிறகு பிஸ்டனை லேசாகத் தொடும் இடம்வரை வெளியே. அங்கிருந்து முக்கால் சுற்று திரும்ப உள்ளே. திரெட் 1.25 மி.மீ. பிட்ச் என்பதால் இது 0.9 மி.மீ. இடைவெளி. பெடல் விகிதம் 5.5, ஆக பாதம் வைக்கும் இடத்தில் சுமார் 5 மி.மீ. லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி அளக்க வேண்டும், இறுக்கும்போது ராடும் சேர்ந்து திரும்பிவிடும். பிறகு அந்தக் கட்டைவிரல் சோதனை: ஸ்லேவ் ராடு மெதுவாக உள்ளே போனது, ரிசர்வாயரில் ஆயில் சுழித்து ஏறியது. பெடலை மிதித்து ஐந்து நொடி கழித்து ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது, ராடில் ஒரு மி.மீ.கூட நீட்டாமல்.

புது லைனிங் முகம் பொருந்த 800 கி.மீ. ஊருக்குள்ளேயே ஓட வேண்டும்: திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை, டவுன் என்று கியர் மாற்றி மாற்றி, ஆக்சிலேட்டர் பாதிக்கு மேல் போகாமல். நாற்கரச் சாலையில் ஐந்தாவது கியரில் 800 கி.மீ. ஓடினால் அது கணக்கில் சேராது. கிளட்ச் சேர்ந்து பிரிந்தால்தான் முகம் பொருந்தும். பூஸ்டையும் அதுவரை குறைத்தே வைத்தோம்.

அதன் பிறகு வெயில் உச்சியில் வள்ளியூர் போய்த் திரும்பி, அடுத்து புளியரை ஏற்றம் லாரிகளோடு லாரியாக ஏறி இறங்கி, சூட்டிலேயே நான்காவது கியர் சோதனை. விகிதம் 32.3. ப்ளீட் நிப்பிளைத் திறந்தால் இரண்டு சொட்டு.

இனி 5,000 கி.மீ.க்கு ஒருமுறை பார்க்க வேண்டியது பெடலின் 5 மி.மீ. இடைவெளியும் ரிசர்வாயர் மட்டமும்தான். பிளேட் தேயத் தேய மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக உயர வேண்டும். உயர்ந்தால் யாரும் உறிஞ்சி எடுக்க வேண்டாம், மேக்ஸ் கோட்டைத் தாண்டினாலொழிய. இறங்கினால் ஸ்லேவின் ரப்பர் பூட்டை விலக்கிக் கசிவு பார்க்க வேண்டும். பல ஆயிரம் கி.மீ. ஓடியும் மட்டம் அசையாமல் அதே கோட்டில் நின்றால், மறுபடி ஸ்லேவ் ராடில் கட்டைவிரல் வைத்துப் பார்க்க வேண்டும்.